போயிட்டு வந்தது எங்கே போச்சு?

கட்டபொம்மன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு காட்சி. எதிரே ஜாக்சன் துரை, இந்தப் பக்கம் சிவாஜி, வரி பற்றிய அந்த வசனம். 1959இல் பி. ஆர். பந்துலு எடுத்த படம். எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான காட்சி. ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக் கதையின் நியமன வடிவம் அதுவே என்றாகிவிட்டது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலின் தலைப்பில் இருப்பது 'கட்டபொம்மு'. இன்று அப்படி எழுதினால் எழுத்துப்பிழை என்று திருத்த வருவார்கள்.

'நியமன வடிவம்' என்பதைக் கணிதத்தின் பொருளில் சொல்கிறேன். பிளஸ் டூ புத்தகத்தில் குலம், அரைக்குலம் என்று வந்ததே, அந்தப் பக்கத்துச் சமாச்சாரம். சில எழுத்துகளை எடுத்துக்கொண்டு இஷ்டத்துக்கு வரிசையாகக் கோக்கலாம். ஒரு கோவையின் பின்னால் இன்னொன்றை ஒட்டினால் புதுக் கோவை. வேறு விதியே கிடையாது என்றால் அது கட்டற்ற அரைக்குலம். அங்கே எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் இரண்டு கோவையும் ஒன்று. எதுவும் தொலையாது. 'இதுவும் அதுவும் சமம்' என்று விதிகள் போட ஆரம்பித்ததும் கோவைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு பிரதிநிதியைப் பொறுக்கினால் அது நியமன வடிவம். அதற்கும் எப்போதும் வழி இருக்காது: இரண்டு கோவைகள் சமமா என்று எந்தச் செய்முறையாலும் தீர்மானிக்க முடியாத அரைக்குலங்கள் உண்டு என்று 1947இல் போஸ்ட், மார்க்கோவ் இருவரும் தனித்தனியே நிறுவினார்கள்.

யாப்பு படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். நேர், நிரை என்று இரண்டே எழுத்து. ஓரசை 2, ஈரசை 4, மூவசை 8, நாலசை 16, ஆக 30 சீர். 'கட்டபொம்மு' நேர்-நிரை-நேர். 'கட்டபொம்மன்' என்று மாற்றினாலும் நேர்-நிரை-நேர். இரண்டும் கூவிளங்காய்! இந்த வாய்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் நாணயம். கூவிளங்காய்தான் அசல் சொல், மற்றதெல்லாம் பிழை என்று எந்தப் புலவரும் சொன்னதில்லை. சினிமா வசனத்துக்கும் பதிப்பாசிரியரின் 'திருத்தமான பாட'த்துக்கும் அந்த அடக்கம் கிடையாது.

இப்போது 1798க்கு வருவோம். கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரத்துக்கு வரச்சொல்லி ஆணை அனுப்புகிறார். கட்டபொம்மு அவரைக் குற்றாலத்தில் பார்க்கப் போகிறார், பார்க்க மறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுப்பு. 23 நாள், 400 மைல் அலையவிட்டார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு, அங்கேயும் நிற்கவைத்துத்தான் விசாரணை. பிறகு கைகலப்பு, கிளார்க் சாகிறார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார். கட்டபொம்மு தப்பி ஊர் வந்து சேர்கிறார்.

போன வழியே திரும்பினார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற குலத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஓர் எதிரடி உண்டு, பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டும் அடிபட்டுப்போகும். அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் வெறும் சமனி. அதாவது மனுஷன் எங்கேயும் போகவே இல்லை!

இதற்கு மாற்று, கட்டற்ற நேர்மாறு அரைக்குலம். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. மன் 1974இல் அதன் கோவைகளை மரங்களாக வரைந்து காட்டினார். கால்பட்ட இடங்கள் எல்லாம் அந்த மரத்தில் இருக்கும். எங்கே கிளம்பினோம், எங்கே நின்றோம் என்ற இரண்டு குறியும் இருக்கும். கிளம்பிய இடத்துக்கே திரும்பினாலும் மரம் அழியாது. 'போறேன்' என்று சொன்னால் கோபித்துக்கொண்டு 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்கிற நம் ஆச்சிகளுக்கு இது உடனே புரியும். போய்விட்டு வந்தவரும் போகாதவரும் ஒன்றல்ல. கதைப்பாடலை அந்த 23 நாளோடு வாசிக்க இந்த மரம் எனக்கு உதவுகிறது. சினிமா ஞாபகத்தில் ஒரு கிளையின் நுனி மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் மரத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. எத்தனை தடவை போய் வந்தோம் என்பது அதில் பதியாது. ஒருமுறை போய் வந்ததும் பத்துமுறை போய் வந்ததும் ஒரே மரம். அச்சில் திரும்பத் திரும்ப வரும் அடி நமக்கு அலுப்பு, தாண்டிப் போகிறோம். ராத்திரி உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அந்த அடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கனம் கூடித்தான் வந்திருக்கும். வரலாற்றில் இது இன்னும் மோசம். 1799இல் கோட்டை விழுந்தது. அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. படம் அங்கே முடிந்துவிடுகிறது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து அதே இடத்தில் கோட்டையை எழுப்பினார். மே மாதம் அதுவும் விழுந்தது. எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து. மன்னின் மரத்தில் இது ஒரே ஒரு கிளை. இரண்டாவது தடவை எழுப்பியவர்களுக்கு முதல் தடவை என்ன ஆனது என்று தெரியும். அந்தத் தெரிதல் எந்தக் கிளையிலும் ஏறாது. கட்டற்ற கோவையில்தான் அதற்கு இடம் இருக்கிறது, ஒரு அடியும் அடிபடாமல், முழு நீளத்துக்கு.

மன் கட்டுரை வந்த அதே 1974இல்தான் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக் கோட்டையைக் கட்டியது. கட்டபொம்மன் கோட்டை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.