நத்தை, பட்டு, பெயர்: உணவின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

2025 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த விருது விழாவில் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தமிழர் மேடையேறினார். திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரரான விஜய் குமார். நியூயார்க்கில் 2021இல் தொடங்கப்பட்ட 'செம்ம' என்கிற உணவகத்தின் தலைமைச் சமையற்காரர். 2022லேயே அந்த உணவகம் மிச்செலின் நட்சத்திரம் வாங்கியிருந்தது. இப்போது நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கறுத்த பையன் இப்படியொரு அரங்குக்குள் வர முடியும் என்று நினைத்ததில்லை என்றும், ஏழை உணவு, பணக்கார உணவு என்று ஒன்று கிடையாது என்றும் அவர் பேசிய துண்டு ஆரணியில் எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. தறிமேடையில் உட்கார்ந்திருந்த நண்பர்தான் எனக்குக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்புறம்தான் உறுத்தல். "பாத்தியா, நம்ம சாப்பாடு" என்றார் நண்பர். எது நம்ம சாப்பாடு? அந்த உணவகத்தில் பேர்போன பண்டங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். நண்பர் வீட்டில் பத்துப் பதினைந்து வருஷமாகக் கைநனைத்து வருகிறேன், அந்த அடுப்பில் நத்தை ஏறி நான் பார்த்ததில்லை. எங்க வீட்டு அடுப்பில் ஏறியிருக்கிறது.

நடவுக்குப் போகும் நாட்களில் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவாள். ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுச் சேறு கக்கவைத்து, காலையில் வேகவைத்து, ஊக்கால் ஒவ்வொன்றாகச் சதையை நெம்பியெடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு வழுவழுப்புப் போகிற மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு படி நத்தைக்கு ஒரு கை சதை தேறினால் அதிகம். மிளகு தூக்கலாகப் போட்டு வதக்குவாள். ஓட்டைத் தெருக்குப்பையில் மட்டும் கொட்டமாட்டாள். கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் கத்திரிக்காய்க் குழம்பு என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. தானும் சிறு வயதில் இதைச் சக மாணவர்களிடம் மறைத்ததாக விஜய் குமாரும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சமையல் படிக்கப்போன இடத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு நத்தை உயர்ந்த பண்டம் என்று தெரியவந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

எங்க ஊரில் நத்தைக்கு இன்னொரு வாசலும் உண்டு. மூல வியாதி. நாள் முழுக்கக் குழித்தறியில் உட்காருகிறவர்களுக்கு வராமல் என்ன செய்யும்? நத்தைக் கறி அதற்கு நல்லது என்று சொல்வார்கள். தறிக்காரர் வீடொன்றிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு அம்மாவுக்கு ஆள் வரும். சமைத்தே கொண்டுவரச் சொல்வார்கள். அவர்கள் அடுப்பும் பாத்திரமும் கெட்டுவிடக் கூடாதே! பின்வாசல் வழியாக வாங்கிக்கொள்வார்கள். எங்கள் கை சமைத்ததை அவர்கள் வாய் ஏற்றுக்கொண்ட ஒரே பண்டம் அது, காரணம் அதற்குச் சாப்பாடு என்று பெயரில்லை, மருந்து என்று பெயர். இப்போது மூன்றாவது பெயரும் வந்திருக்கிறது, விருது. மருந்தாகவும் விருதாகவும் உள்ளே வரும் நத்தை, சோற்றோடு மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆக, பிரச்சினை பண்டத்தில் இல்லை, பெயரிடுதலில் இருக்கிறது.

ஒரு நிலத்தின் சமையலை இன்னொரு நிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பெயரிடுதலை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க, மத்தியதரைக்கடல் சமையல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கதை உதவும். எலிசபெத் டேவிட் மத்தியதரைக்கடல் உணவு பற்றிய தன் முதல் நூலை வெளியிட்டது 1950இல். போர் முடிந்தும் இங்கிலாந்தில் ரேஷன் முடியவில்லை, அது ஒழிந்தது 1954இல்தான். ஆலிவ் எண்ணெயை மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் வாங்கிக் காதுக்கு விட்டுக்கொண்டிருந்த மக்கள் அவர்கள் (பாருங்கள், அங்கேயும் மருந்து வாசல்தான்). அவர்களுக்கு எலுமிச்சையும் பூண்டும் கத்திரிக்காயும் வெயிலும் ஒரு கனவாக எழுதிக்காட்டப்பட்டன. டேவிட் பெரிய எழுத்தாளர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போர்க்காலக் கெய்ரோவில் அவருக்குச் சமைத்துப்போட்டவர் சுலைமான் என்கிற சூடானியர். இரண்டு பிரைமஸ் ஸ்டவ்வையும் ஒரு தகரப்பெட்டி அடுப்பையும் வைத்துக்கொண்டு அவர் செய்த ஜாலங்களை டேவிட்டே எழுதியிருக்கிறார். 'மத்தியதரைக்கடல்' என்கிற பெரிய பெயருக்குள் சுலைமான் ஒரு ருசிகரமான நினைவாகச் சுருங்கிவிடுகிறார். கடலுக்குச் சாதி, மதம், கூலி எதுவும் இல்லையல்லவா? அதனால்தான் பெயராகக் கடல் இவ்வளவு வசதி.

கிளாடியா ரோடன் இதிலிருந்து விலகுகிறார். கெய்ரோவில் பிறந்த யூதப் பெண். 1956 சூயஸ் போருக்குப் பின் அந்தச் சமூகமே வேரோடு பிடுங்கப்பட்டது. லண்டன் வந்து சேர்ந்தவர்கள் இனி பார்க்க முடியாத வீட்டை நினைத்து ஒருவரிடமிருந்து ஒருவர் சமையல் குறிப்புகளை வாங்கிக்கொண்டார்கள். அவற்றிலிருந்து வளர்ந்ததுதான் 1968இல் வந்த அவருடைய மத்தியகிழக்கு உணவு நூல். ரோடன் எழுதும்போது பண்டத்தோடு அதைச் சொன்னவரும் வந்துவிடுகிறார். அதே 1968இல் ஜெருசலேமில் பிறந்தவர்கள் இரண்டு பேர். மேற்கில் யோட்டம் ஒட்டோலெங்கி, யூதர். கிழக்கில் சமி தமீமி, பாலஸ்தீனர். லண்டனில் சந்தித்து 2002இல் சேர்ந்து கடை போட்டார்கள். போர்டில் ஏறியது 'ஒட்டோலெங்கி'. 2012இல் இருவர் பெயரிலும் வந்த 'ஜெருசலேம்' என்ற நூல், எந்தப் பண்டம் யாருடையது என்கிற சண்டையை மறைக்காமல் பேசுகிறது. ஆனாலும் தமீமி தன் மண்ணின் பெயரை அட்டையில் போட்டு 'ஃபலஸ்தீன்' என்று தாரா விக்லியோடு சேர்ந்து நூல் கொண்டுவர 2020 வரை ஆயிற்று.

இதெல்லாம் ஆரணிக்காரனுக்குப் புரியாத சங்கதியல்ல. இங்கே நெய்கிற சேலை காஞ்சிபுரம் பட்டு என்று விலை போவது ஊரறிந்த விஷயம். ஆரணிப் பட்டுக்கென்று புவிசார் குறியீடு வாங்கியும் கல்யாண வீட்டில் யாரும் 'ஆரணிப் பட்டு' என்று சொல்லிப் பெருமைப்படுவதில்லை. பாவு, ஊடை, ஜரிகை, கோர்வை எல்லாம் இந்த ஊர்க் கைகள். பெயர் மட்டும் பக்கத்து ஊரிலிருந்து வருகிறது. கூலிக்கு நெய்கிறவருக்கு அந்தப் பெயரின் விலை வந்து சேர்வதில்லை. இந்த அநியாயத்தை மணிக்கணக்காகப் பேசக்கூடிய என் நண்பருக்கு, 'தமிழ் உணவு' என்கிற பெயரும் அதே வேலையைச் செய்கிறது என்று சொன்னால் மட்டும் கோபம் வருகிறது.

எலிசபெத் டேவிட்டின் நூலுக்கு அடுத்த வருஷம், 1951இல், எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. கல்யாணமாகி ஊர்விட்டுப் போகும் பெண்களின் பெட்டியில் அது போயிற்று, கடலும் தாண்டிற்று. ஒரு பிராமண வீட்டுச் சமையலறையின் மிகச் செம்மையான பதிவு அது. தன்னளவில் நேர்மையான நூல். ஆனால் அச்சில் அதுவும், ஊர் ஊராக இட்லி தோசை விற்ற சைவ ஓட்டல்களும் சேர்ந்து தமிழ்ச் சமையல் என்றால் இதுதான் என்கிற பிம்பத்தை உலகம் பூராவும் கட்டிவிட்டன. அந்தப் பிம்பத்தில் விஜய் குமார் போட்ட உடைப்பு சாதாரணமானதல்ல. குடலையும் நத்தையையும் மன்ஹாட்டன் மேசைக்கு ஏற்றியதோடு, பெயரை இங்கிலீஷாக்காமல் 'நத்தைப் பிரட்டல்' என்று தமிழிலேயே விட்டார். டேவிட்டுக்கு வாய்க்காதது அவருக்கு வாய்த்தது, அவர் சொல்வது தன் சொந்தப் பசியை. என் வழக்கு அவரோடு இல்லை. அவர் வயலின் பெயரைச் சொல்கிறார். அதைக் கேட்ட நாம்தான் வயலைக் கழற்றிவிட்டு 'தமிழன்' என்ற லேபிளை ஒட்டிக்கொள்கிறோம்.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்குப் போகிற வழியைச் சொல்கிற பாட்டு, கிட்டத்தட்ட எங்கள் பக்கத்துப் பாட்டு. அதில் பாணனுக்கு வழிநெடுகச் சோறு கிடைக்கிறது. எயினர் வீட்டில் உடும்புக் கறி, இடையரிடம் பாலும் தினைச்சோறும், உழவர் வீட்டில் கோழிப் பொரியல், அந்தணர் வீட்டில் மாவடு ஊறுகாய், வலைஞரிடம் கள்ளும் சுட்ட மீனும். கவனிக்க வேண்டியது, 'தமிழ் உணவு' என்று அங்கே எதுவும் கிடையாது. இன்னார் வீட்டில் இன்னது. அந்தப் பாட்டு சமத்துவம் பேசுகிறது என்று நான் கதைவிடப் போவதில்லை. படிநிலை அதிலும் இருக்கிறது. ஆனால் பாணன் எல்லா வீட்டிலும் சாப்பிடுகிறான், சமைத்த கையின் பெயர் அழியவில்லை. மேடைகளில் சங்கத் தமிழர் ஊனுண்டதை முழங்குகிற நம் ஆட்களில் எத்தனை பேர் அந்த வழியில் எல்லா வீட்டுக்குள்ளும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஆரணி பிரியாணிக்கு அண்ணன் முறை ஆம்பூர் பிரியாணி. அந்த ஆம்பூரில் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு வந்தது, இலவசமாகவே மாட்டுக்கறி பிரியாணி கொடுப்போம் என்று அமைப்புகள் கிளம்பின. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், இது பாகுபாடாகாதா என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஊரின் பெயரில் ஒரு பண்டத்தைக் கொண்டாடுவார்களாம், ஆனால் அந்த ஊரில் பாதிப்பேர் தின்பது அந்தப் பெயருக்குள் வராதாம். நாளைக்கு வெளிநாட்டில் ஒருவர் அதே மாட்டுக்கறி பிரியாணிக்கு நட்சத்திரம் வாங்கினால் இதே நிர்வாகம் பொன்னாடையோடு நிற்கும்.

அந்த நத்தைப் பிரட்டலின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். இன்னா வெலை என்று கேட்டாள், சொன்னேன், நம்பவில்லை. மிளகு போட்ட மாதிரி தெரியலையே என்றாள். அப்புறம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"அவ்ளோ பேருக்கு ஆக்குனா ஓடு கூடக் கூடையா சேருமே. எங்கடா கொட்றாங்க?"