அலைச்சறுக்கும் ஊடகமும்: ஒரு சமூகவியல் நோக்கு

2025 ஓகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆசிய நிலையில் இந்தியர் ஒருவர் இவ்விளையாட்டில் ஈட்டிய முதலாவது தனிநபர் பதக்கம் அது. உல்லாசப் பயணியின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஒன்று இவ்வாறு விளையாட்டுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, மாறியது எது, மாறாதிருப்பது எது என்னும் வினா எழுகின்றது.

அலைச்சறுக்கு பற்றிய நவீன ஊடக மரபு பெருமளவு கலிபோர்னியாவில் உருப்பெற்றது. 1960இல் ஜோன் செவர்சன் தொடங்கிய ‘சேர்ஃபர்’ சஞ்சிகையும், புரூஸ் பிரவுணின் ‘தி என்ட்லஸ் சம்மர்’ என்ற விவரணப்படமும் அதனை நிலைநாட்டின. அப்படத்தில் கோடையைத் தொடர்ந்து உலகைச் சுற்றும் இரு அமெரிக்க இளைஞர் கானாக் கரையை அடையும்போது, அங்குள்ள மக்கள் வியந்து நிற்கும் கூட்டமாகின்றனர். அக்கரையோரச் சிறுவர் பலகையோடு கடலிற் பழகியதை 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் பயணியொருவர் எழுதிவைத்திருந்தார் என்பதை இங்கு நினைவுகூரல் தகும்.

இன்று கூட்டத்துள் நின்றவரே கதாநாயகராகிவிட்டனர். இது மெய்யான மாற்றம், குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. சாஷா ரெயின்போவின் ‘கமலி’ (2019) மாமல்லபுரத்துச் சிறுமியொருத்தியின் சக்கரப்பலகைச் சறுக்கலைப் பொருளாகக் கொண்டது. தனக்கு மறுக்கப்பட்ட சுதந்திரத்தை மகளுக்குப் பெற்றுக்கொடுக்க முனையும் தாயே அதன் வலிமை. அச்சிறுமி கமலி மூர்த்தி பின்னர் அலைச்சறுக்கு வீராங்கனையாகி, 2024இல் மாலைதீவில் வெள்ளி வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். ஆயின் செய்தியாளர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் வறுமையிலிருந்து பதக்கத்துக்கு ஏறிய தனிமனிதக் கதையையே. தாய் அதில் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறாள்.

எமது நாட்டு அறுகம்குடாவிலும் இதே நிலைதான். 2018இல் அங்கு தோன்றிய மகளிர் அலைச்சறுக்குக் கழகம், நாட்டின் முதலாவது என்ற வகையில், உலக ஊடகங்களின் கவனத்தை ஈர்த்தது. அக்கட்டுரைகள் பொதுவாக வழமையை மீறிய பெண்களைப் பாராட்டுகின்றன, பாராட்டு நியாயமானதே. எனினும் மரபு மட்டுமே தடை என்பதுபோல் அவை எழுதப்படுகின்றன. 2004 ஆழிப்பேரலையின் பின் பாதுகாப்பு வலயத்தின் பெயரால் மீனவர் கரையில் மீளக் குடியேறத் தடுக்கப்பட்டதையும், உல்லாச விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டதையும் நவோமி கிளைன் தமது 2007ஆம் ஆண்டு நூலில் இவ்வூரைக் கொண்டே விளக்கினார். படங்களில் வெறுமையாகத் தோன்றும் கரை இயற்கையின் கொடை மட்டுமன்று, வெறுமையாக்கப்பட்டதுமாகும். ஹெவ்லொக் டவுனிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் விடுமுறைக்கு அங்கு செல்லும் நாமும் அப்பார்வைக்குப் புறம்பானவரல்லர்.

‘சேர்ஃபர்’ 2020இல் நின்றுபோயிற்று. இளம் வீரர் இன்று தம்மைத் தாமே கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வெளியிடுகின்றனர். படக்கருவி அவர்கள் கையில் இருக்கிறது. விநியோகம் பிறர் கையில். விளம்பரதாரரை நாடும் அப்படங்களில் பலகையின் முத்திரை தெளிவாகத் தெரிகின்றது. வலையுலர்த்தும் தந்தை பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.