குடவோலையும் பொதுநலமும்

பண்டைத் தமிழர் ஊராட்சியின் மாண்பினை எடுத்துரைப்போர், அகநானூற்று 77-ஆம் பாட்டினையும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையும் ஒருங்குவைத்துக் காட்டுதல் வழக்காயிற்று. ஆட்சியதிகாரம் ஊர்தோறும் பகிரப்படின் பொதுநலம் தானே விளையும் என்பது அவர்தம் முடிபு. அச்சான்றுகள் இம்முடிபினைத் தாங்குமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மருதன் இளநாகனார் பாட்டில் நாம் காண்பது ஓர் உவமையே. கட்டிவைத்த குடத்தின் இலச்சினையை ஆய்ந்து நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை அலுவலர் வெளியில் எடுக்கின்றனர். அச்செயல், போரிற் பட்ட மறவர் குடரை எருவை ஈர்த்தெடுக்கும் கொடுங்காட்சிக்கு உவமையாகின்றது. அவ்வோலைகளில் யாருடைய பெயர் இருந்தது, எழுதினோர் யாவர் என்பன பற்றிப் புலவர் ஒன்றும் கூறிற்றிலர். உவமானத்தை மட்டும் தனியே பிரித்து அரசியல் வரலாறாக்குவோர், உவமேயத்தின் அச்சத்தை ஏனோ நோக்குவதில்லை.

உத்தரமேரூர் நிலைமை வேறு. முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சார்ந்த அக்கல்வெட்டுகள் விதிகளை விரிவாகவே உரைக்கின்றன. முப்பது குடும்புகள், குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகள், எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் குடத்தினின்றும் எடுத்துத் தருதல். கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய விதி, இற்றை நாளிலும் போற்றத்தக்கது. ஏரி வாரியம் ஏரியைக் காத்தது. அதன் பயனை மறுத்தல் இயலாது. ஆயின் தகுதிதான் யாது? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன்மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி. அது பிரமதேயத்துச் சபை. நிலமற்ற உழவர் பெயர் அக்குடத்தினுள் புகுதற்கு வழியே இல்லை. குடத்தினின்றும் எடுக்கும் முறை நடுநிலையானது. குடத்தினுள் இடும் முறை அத்தகையதன்று. நம் ஆய்வுகள் முன்னதையே விரித்துப் பேசிப் பின்னதை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.

இது பழங்கதையன்று. வாடிப்பட்டிக்கு அணித்தான உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டபின், 1996 முதல் பத்தாண்டுக் காலம் வேட்புமனு இடுவார் இன்றியும், வென்றவர் உடனே பதவி துறந்தும் தேர்தல் வெறுமையாயிற்று. மேலூரைச் சார்ந்த மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதிகாரம் ஊரளவிற்கு இறங்கிவந்தது; ஊரில் ஏலவே நிலைபெற்றிருந்த வலியோர் கை அதனை மறித்தது.

இதுகொண்டு ஊராட்சியே தீது எனல் பொருந்தாது. கண்மாய்க்கரை உடைந்தவிடத்தை ஊரார் அறிதல்போலத் தலைநகரத்தார் அறியார். எனினும் அவ்வொதுக்கீடு ஊரார் தாமே வகுத்துக்கொண்ட விதியன்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மேலிருந்து தந்தது. மேற்குறித்த மூன்று ஊர்களிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நிலைத்தது 2006-இல். அதுவும் மாநில அரசும் மாவட்ட நிருவாகமும் ஊரூராகச் சென்று பேசிய பின்னரே.