பின்தையலில் விட்ட துணி

யாழ்ப்பாணத்தில், மானிப்பாயிலிருந்து சங்கானைக்குப் போகும் வீதியில் இருக்கிறது சண்டிலிப்பாய். அங்குள்ள கல்வளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் ஆண்கள் ஊர்த் தையற்கடைக்கும் ஒருநாள் ஒதுக்க வேண்டும் என்பேன். வெளிநாட்டுப் பெரிய கடைகளில் காற்சட்டைக்கு இரண்டே எண்கள்: உதாரணமாக, இடுப்பு 34, கால் உள்நீளம் 30. தொடை பருத்தவரும் மெலிந்தவரும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். தையற்காரரோ இடுப்பு, இருக்கை, தொடை, முழங்கால், கால் விளிம்பு என்று நாடா பிடிக்கிறார். சட்டைக்கு அளவெடுக்கும்போது ஒரு தோள் சற்று இறங்கியிருந்தால் அதையும் கண்ணாலேயே அளந்துவிடுகிறார்.

ஆயத்த உடை மலிவு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் நீளம் குறைக்கவும் இடுப்புப் பிடிக்கவும் வெளிநாட்டில் கொடுக்கும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உடம்பு வைத்துவிட்டால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான கேள்வி. பதில் காற்சட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. நல்ல தையற்காரர் பின் நடுத்தையலின் இரு பக்கமும், இடுப்புப் பட்டி வரைக்கும், ஓர் அங்குலத் துணியை வெட்டாமல் விட்டிருப்பார். நூலைப் பிரித்துத் தள்ளித் தைத்தால் இடுப்பு ஓர் அங்குலத்துக்கு மேலேயே இளகும். தொழிற்சாலையில் பெரும்பாலும் ஓரத்தை ஒட்ட நறுக்கி ஓவர்லொக் அடித்துவிடுகிறார்கள். பிரித்தாலும் அங்கே துணி இல்லை. விடுமுறை குறுகியது என்பதுதான் மெய்யான தடை. வந்த கையோடு துணியைக் கொடுத்துவிட்டால், ஒருதரம் போட்டுப் பார்த்துத் திருத்தவும் நாள் மிஞ்சும்.