‘ஆரான் மனிதன்’: மெய்யும் புனைவும்

மக்கள் வாழ்வை உள்ளவாறு காட்டுவதே ஆவணப்படத்தின் கடமை என்பர். அக்கடமை எவ்வளவு நிறைவேறியுள்ளது என்று ஆராயத்தக்கதொரு படம், அமெரிக்கரான ராபர்ட் பிளாகர்ட்டி 1934இல் வெளியிட்ட ‘ஆரான் மனிதன்’.

அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயிலில் அமைந்தவை ஆரான் தீவுகள். அங்கு வாழும் கடலோடி ஒருவன், அவன் மனைவி, மகன் ஆகிய மூவருமே படத்தின் முதன்மை மாந்தர். பாறையில் மோதிச் சிதறும் பேரலைகளைக் கண்டோர் எளிதில் மறவார். அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த அயல்நாட்டுப் படத்திற்கான பரிசையும் இது பெற்றது.

ஆயினும், அம்மூவரும் ஒரே குடும்பத்தினர் அல்லர். தோற்றம் கருதித் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட தீவினர். படத்தின் உச்சக் காட்சியாகிய சுறா வேட்டையோ, பல பத்தாண்டுகளுக்கு முன்பே அங்கு வழக்கொழிந்தது. முன்னாளில் விளக்கெரிக்க வேண்டிய ஈரல் நெய்க்காக அதனை வேட்டையாடினர். படத்திற்காக அம்முறையைத் தீவினர் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. அச்சுறாவும் மனிதனைத் தாக்குவதன்று. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது. அதனைக் கொடும்பகைபோல் காட்டியது வீரத்தைப் பெருக்கிற்று, உண்மையைப் பெருக்கவில்லை.

பழைய வழக்கத்தை நடித்துக் காட்டுவது குற்றமா என வினவலாம். குற்றமன்று. அது முன்னோர் வழக்கம் என்பதை மறைத்து, இன்றைய வாழ்வாகக் காட்டியதே குறை. இத்தனைக்கும், கொந்தளிக்கும் அலைகளுக்கிடையே படகைக் கரைசேர்த்தோர் படப்பிடிப்பிற்காக உண்மையாகவே உயிரைப் பணயம் வைத்தனர். மெய்யான துணிவு கண்முன் இருக்கையில், புனைந்த பகை எதற்கு?

படத்தின் மெய்யான சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. கடலோடி சம்மட்டியால் பாறையை உடைக்கிறான். மனைவி கடற்பாசியைக் கூடையில் சுமந்து வருகிறாள். பிளவுகளில் சுரண்டியெடுத்த மண்ணை அதனோடு சேர்த்துப் பரப்பி, உருளைக்கிழங்கு பயிரிட நிலம் ஆக்குகின்றனர். கடலில் பிழைப்பவனை ஊரோடு பிணைப்பது எது என்பதை இக்காட்சியே உணர்த்துகிறது. கையால் ஆக்கிய மண்ணைப் பிரிதல் எளிதன்று.

மாணவர்க்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர் சுறாவைப் பற்றிய உண்மையையும் உடன் கூறவேண்டும். கண்ணால் கண்டதெல்லாம் மெய்யன்று என்பதை இளமையிலேயே அவர்கள் அறியட்டும். அப்பாறைமேல் பரப்பிய ஒரு பிடி மண்ணின் அருமையும் அப்பொழுது அவர்களுக்குத் தெளிவாக விளங்கும்.