ஷேக்ஸ்பியரின் இடையர்கள்

இலக்கியத்தில் இடையனைக் கண்டால் குழலும் மரநிழலும் உடன் வருவது வழக்கம். ஐரோப்பியப் புலவர்களும் நெடுங்காலம் அவ்வாறே பாடினர். ஷேக்ஸ்பியரின் ‘நீங்கள் விரும்பியபடியே’ நாடகத்தில் (ஏறத்தாழ 1599) வரும் கொரின் என்னும் முதியவனோ அக்கூட்டத்தில் சேராதவன். அரசவைக் கோமாளி அரண்மனை நாகரிகம் பேச, இவன் ஆடுகளைத் தொட்டுத் தொட்டுக் கையில் ஏறிய பிசுக்கைப் பற்றியும், ஆட்டின் காயத்திற்குத் தார் பூசுவதைப் பற்றியும் பேசுகிறான். இன்னொன்றும் உண்டு: ஆடுகள் அவனுடையவை அல்ல. மேய்ப்பவன் அவன், கத்தரித்த மயிர் எசமானனுக்கு. அந்த எசமானனோ விருந்தோம்பல் அறியாதவன். மந்தையையும் மேய்ச்சல் நிலத்தையும் விலைபேசிக் கொண்டிருப்பவன்.

இவ்வளவு நுட்பம் ஏட்டறிவால் வந்ததன்று. கவிஞரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்போர்டில் கையுறை செய்தவர். மறைவாகக் கம்பளி வாணிகமும் நடத்தினார். உரிமை பெற்ற வணிகரும் துணி உற்பத்தியாளரும் அன்றிப் பிறர் அத்தொழில் செய்வதை 1552ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 300 டாட் கம்பளி வாங்கியதாக அவர்மீது 1572இல் வழக்கு எழுந்தது. டாட் என்பது 28 பவுண்டு எடை. அந்த வீட்டுப் பேச்சு ‘குளிர்காலக் கதை’யில் அப்படியே ஒலிக்கிறது. பதினொரு கிடாய்க்கு ஒரு டாட். டாட்டுக்கு ஒரு பவுண்டு, மேலும் சில்லறை. ஆயிரத்து ஐந்நூறு ஆட்டுக்கு எவ்வளவு? காய்கள் இன்றிக் கணக்குப் போடத் தெரியாமல் இடையனின் மகன் திணறுகிறான். நாம் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 143 பவுண்டு வரும். ஊர்ப் பள்ளி ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டாக இருந்த காலம் அது! இக்காட்சியை வெறும் நகைப்பென்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

இந்த இலாபமே உழவனின் வயிற்றில் அடித்தது. பலர் உழுத நிலத்தை வேலியடைத்து மேய்ச்சலாக்கினால் ஓர் இடையனும் ஒரு நாயும் போதும். சாதுவான ஆடுகள் மனிதரையே விழுங்குவதாகப் புனித தாமஸ் மூர் 1516லேயே தம் ‘உடோப்பியா’வில் குமுறினார். 1607இல் வார்விக்ஷயர் உள்ளிட்ட நடுநாட்டு உழவர்கள் வேலிகளைப் பிடுங்கி எறிந்தனர்.

கவிஞரும் சோதனைக்குள்ளானார். 1605இல் அவர் 440 பவுண்டு கொடுத்துத் தசமபாக வருவாயில் ஒரு பங்கை வாங்கியிருந்தார். (அது முன்பு ஸ்ட்ராட்போர்டுக் கோவிலின் குருக்கள் குழுமத்திற்கு உரியது, அரசு பறித்தபின் விலைப்பொருளாயிற்று.) 1614இல் அருகிலுள்ள வெல்கம்பில் வேலியடைக்க முயன்றனர். நகர மன்றம் எதிர்த்தது. அவரோ அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று, தம் தசமபாகத்திற்கு நேரும் இழப்பை ஈடுசெய்வதாக அடைப்போர் தரப்பிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்.

இதனால் கொரின் பொய்யாகிவிட மாட்டான். படைத்தவரைவிட மெய்யானவன் என்றே சொல்வேன். எனினும், 1615இன் தொடக்கத்தில் வெல்கம்பில் வெட்டப்பட்ட அகழிகளைத் தூர்த்தவர்கள் அவ்வட்டாரப் பெண்களும் குழந்தைகளுமே.