ஆடி வாசகர், சித்திரை வாசகர்

ஆடி நெருங்கினால் போதும், இணையத்தில் வீட்டுத்தோட்டம் பற்றி எழுதுபவர்கள் பக்கம் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். ஆடிப்பட்டத்தில் என்ன விதைக்கலாம், மாடித்தோட்டம் தொடங்க என்னென்ன வேண்டும், மண்கலவை எப்படிப் போடுவது என்று வரிசையாக வரும். படிக்கிறவர்களும் திரண்டு வருவார்கள். ஐப்பசி வாக்கில் கூட்டம் கலையும். சித்திரையில் போய்ப் பார்த்தால் பந்தல் பிரித்த இடம் மாதிரி இருக்கும். எழுதுகிறவர்களைக் கேட்டால், சீசன் முடிஞ்சா ஜனங்களுக்கு ஆர்வம் போயிடுதுங்க என்பார்கள்.

எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. வாசகர் தானாகப் போவதில்லை, எழுத்துதான் அவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது. அடுத்த ஆடியில் அதே ஆள் முதல் பாடத்துக்கே திரும்பி வருகிறார். வரைபடத்தில் மேலே ஏறும் கோட்டைப் பார்த்து ‘புது வாசகர்கள்’ என்று சந்தோஷப்படுகிறோம். அதில் எத்தனை பேர் போன வருஷம் செடியைச் சாகவிட்டவர்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு கத்தரிச் செடியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை 17 வாக்கில் விதை போடுகிறீர்கள். நாற்று 30, 35 நாளில் தயாராகும். ஆவணி முதல் வாரம் பிடுங்கி நடுகிறீர்கள். நட்டதிலிருந்து 55, 60 நாளில் முதல் காய். ஆக புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோதான் காய் கைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. காயும் மழையும் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன.

இந்த மூணு மாசத்தில் ஆடிப்பட்டக் கட்டுரை எத்தனை நாளைப் பற்றிப் பேசுகிறது? முதல் நாளைப் பற்றி. நடுவில் குருத்து வாடித் தொங்கும். தண்டுத் துளைப்பான் புழு உள்ளே போயிருக்கும். அந்தக் குருத்தைக் கீழோடு கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். உரம் பத்தலையோ, தண்ணி பத்தலையோ என்று நினைத்து இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் அடைமழையில் பையின் துளை அடைத்து வேர் அழுகும். இதையெல்லாம் தேடும் நேரத்தில் வாசகருக்கு அகப்படுவது, பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கவும் என்ற ஒற்றை வரி. எத்தனை மில்லி, சோப்பு எவ்வளவு, வெயிலிலா சாயங்காலமா என்பது கிடையாது.

இன்னொரு சிக்கல், ஆடியே எல்லா ஊருக்கும் ஆடி இல்லை என்பது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியைத் தலையில் சூட்டாத தோட்டக் கட்டுரை குறைவு. அது யாருடைய வயலைப் பார்த்துச் சொன்னது என்று கேட்பவர் அதைவிடக் குறைவு. தென்மேற்கு மழையில் ஆறு பெருகி வரும் ஊர்களுக்கு அது கணக்கான வாக்கு. நாகமலை புதுக்கோட்டையில் ஆடி என்றால் காற்று. தேனிப் பக்கமிருந்து மேல்காத்து அடித்துத் தள்ளும். மொட்டை மாடியில் பையில் நிற்கும் இரண்டு இலைப் பிள்ளைச் செடி அதற்குத் தாங்காது. மண் காலையில் நனைத்தால் மதியத்துக்குள் உலர்ந்துவிடும். மதுரை வட்டாரத்துக்கு மழை நிறைய வருவது ஐப்பசியில்தான். ‘ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்’னு ஒரு பழமொழியும் அதே மாசத்துக்கு உண்டு. அதை மட்டும் தோட்டக்காரர்கள் எடுத்தாள்வதில்லை!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளைப் பாருங்கள். கத்தரிக்கு டிசம்பர்–ஜனவரி, மே–ஜூன் என்று இருக்கும். மிளகாய்க்கு மூன்று பருவம்: ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர்–அக்டோபர். ஆடிக்கென்று எல்லாக் காயையும் அங்கே ஒதுக்கி வைக்கவில்லை. நம்ம பெரியவர்களிடமும் தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம், புரட்டாசிப்பட்டம், கார்த்திகைப்பட்டம் என்று தனித்தனியாக இருந்தது. இவ்வளவு பட்டங்களில் ஒன்றே ஒன்று தலைப்பாக ஜெயித்ததற்கு விவசாயக் காரணத்தைவிட வியாபாரக் காரணம் வலுவாகத் தெரிகிறது. விதைப்புக் கட்டுரையோடு விதை விற்கலாம், பை விற்கலாம், தென்னை நார்க் கட்டி விற்கலாம். வாடிய குருத்தைக் கிள்ளுங்கள் என்ற கட்டுரையோடு எதை விற்பது?

அரசுத் திட்டத்திலும் இந்தச் சாய்வு உண்டு. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளைகளில் பை, நார்க்கழிவு, காய்கறி விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு எல்லாம் இருந்தன. நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் அது தொடங்குவதற்கான பெட்டி. ஏழாவது வாரத்துக்கு ஒரு பெட்டியை யாரும் யோசிக்கவில்லை.

குளிர் நாடுகளிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. வசந்தத்தில் கூட்டம் ஏறும், பனியில் இறங்கும். அங்கே கடைசி உறைபனி எப்போது என்பதை வைத்தே தோட்ட நாட்காட்டி ஓடும். நமக்கு உறைபனி கிடையாது. நம்ம ஓய்வுக்காலம் வெயில். மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் மதுரை மொட்டை மாடி அடுப்புக்கல் மாதிரி காயும். ஆனா அந்த ஊர்க் கட்டுரைகளைப் பார்த்து எழுதும் நம்மவர்கள் ‘தக்காளிக்கு நாள் முழுக்க நேரடி வெயில் வேண்டும்’ என்று அப்படியே இறக்கிவிடுகிறார்கள். சித்திரையில் அதை நம்பி வெயிலில் வைத்தால் பூ முழுவதும் உதிரும். பாதி வெளிச்சம் மறைக்கும் பச்சை வலை இல்லாமல் இங்கே அந்த இரண்டு மாதத்தைக் கடத்துவது கஷ்டம். (அழகர் ஆற்றில் இறங்குற நேரத்துல ஊரே வைகையில நிக்கும். மாடிக்குத் தண்ணி ஊத்த வீட்டுல ஆள் இருக்காது. இதையும் கணக்கில் சேர்க்கணும்.)

ஓய்வுக்காலத்தில் வாசகரைப் பிடித்து வைத்தவர்கள் இல்லாமலில்லை. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1929-இல் தோட்டக்காரனின் ஒரு வருடத்தை மாதம் மாதமாக எழுதிப் புத்தகமாக்கினார். ஒன்றும் முளைக்காத டிசம்பருக்கும் அதில் அத்தியாயம் உண்டு. அந்த மாதத்தில் தோட்டம் இருப்பது செடி விற்பவர்களின் விலைப்பட்டியல்களுக்குள் என்று கேலி செய்வார். இங்கிலாந்தின் விட்டா சாக்வில்-வெஸ்ட் 1946 முதல் 1961 வரை அப்சர்வர் பத்திரிகையில் வாராவாரம் தோட்டப் பத்தி எழுதினார், பனியிலும் சேர்த்து. நம்ம பக்கம் தோட்டக்காரர் என்று இல்லாவிட்டாலும், இயற்கையை எழுதிய மா. கிருஷ்ணன் இருக்கிறார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அவருடைய பத்தி 1950-இல் தொடங்கி 1996-இல் அவர் இறக்கும்வரை வந்தது. நாற்பத்தாறு வருஷம்! காக்கையும் அணிலும் எந்த மாசத்திலும் இருக்கும், அவை என்ன செய்கின்றன என்று பார்க்கிறவருக்கு விஷயம் வற்றாது. இவர்கள் மூவரும் ‘எப்படிச் செய்வது’ என்பதோடு நிற்கவில்லை. செடியோ பறவையோ அதைப் பார்க்கும் ஒரு ஆளும் எழுத்தில் இருந்தார். செய்முறைக்காக வருகிறவர் செய்முறை முடிந்ததும் போய்விடுவார். ஒரு ஆளோடு பழகியவர் மார்கழியிலும் எட்டிப் பார்ப்பார்.

2007-இல் தொடங்கிய பசுமை விகடனை எடுத்துக்கொண்டால், அதை விவசாயிகள் வருஷம் முழுக்கப் படிக்கிறார்கள். விவசாயிக்குச் சித்திரை என்பது உழவும் கடனும் கிணறும், விட்டுப் போக முடியாது. ஆனால் ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்ற வெற்றிக்கதை வாய்பாட்டை விவசாய இதழியல் பரப்பியது. அந்தச் சாயல் மாடித்தோட்ட எழுத்துக்கும் இறங்கிவிட்டது. கூடை நிறையக் காயோடு சிரிக்கும் படம். காய்ந்த செடியின் படம் எங்கே?

செத்த செடியைப் பற்றி எழுதாததன் விலையை வாசகர் கொடுக்கிறார். பை வாங்கி, மண் சுமந்து, இரண்டு மாடி தண்ணீர் தூக்கிய அம்மா ஒருத்தர் செடி பட்டுப்போனதும் என்ன சொல்கிறார்? ‘எனக்குக் கைராசி இல்லப்பா.’ மதுரைப் பக்கம் இந்த வார்த்தையைக் கேட்காத தெரு இல்லை. வெள்ளை ஈ பரப்பிய மஞ்சள் நரம்புத் தேமலுக்கும் மழையில் அழுகிய வேருக்கும் அவர் தன் கையைக் குற்றவாளி ஆக்கிக்கொள்கிறார். வெண்டையில் அந்த நோய் வந்தால் செடியைப் பிடுங்குவது தவிர வழி இல்லை, உங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புரட்டாசியில் ஒரு கட்டுரை வந்திருந்தால் அவர் தை மாசத்துக்கு விதை வாங்கியிருப்பார்.

தை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மதுரைச் சமவெளி மாடிக்கு ஆடியைவிடத் தை தோதானது என்பது என் எண்ணம். மழை விட்டிருக்கும், காற்று அடங்கியிருக்கும், பனி இருக்கும். தையில் போட்ட வெண்டை 45 நாளில், மாசிக்குள் காய்க்கும். கீரை 25 நாளில் அறுக்கலாம். அக்னி வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அதற்கப்புறமும் எழுத விஷயம் கிடக்கிறது. மாசி பங்குனியில் வேம்பும் புங்கையும் கொட்டும் சருகை என்ன செய்வது? அவரை நெற்றை எப்போது பறித்து விதைக்கு எடுப்பது, எறும்பும் வண்டும் வராமல் எதில் போட்டு வைப்பது? பழைய பை மண்ணைக் கொட்டி வெயிலில் காயவைக்க இதைவிட நல்ல மாசம் உண்டா? இருபது பைக்கு ஊற்றும் தண்ணீரை எட்டுப் பையாகக் குறைக்க எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? இந்தக் கடைசிக் கேள்விக்கு இந்த வட்டாரத்துக்காரர் யாராவது சித்திரையில் உட்கார்ந்து எழுதினால், கத்தரியை அடியோடு கவாத்து செய்து நிழலில் வைத்தால் மறுபடி துளிர்க்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.